பெல்ட்டில் கத்தி: எங்கே மாட்டுவது, எப்படிப் பிடிப்பது?

"மலையேற்றத்துக்கும் கேம்புக்கும் மடிக்காத கத்தி ஒன்று வாங்கியிருக்கிறேன். அலகு 7 அங்குலம், கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த உறை. பெல்ட்டில் எங்கே மாட்டுவது, எந்தப் பிடி சரி? வீடியோக்களில் முதுகுப்பக்கம் படுக்கைவாட்டில் மாட்டுகிறார்களே, அது நல்லதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதுகுப்பக்கம் வேண்டவே வேண்டாம். ஈரப் பாறையில் சறுக்கி மல்லாந்து விழுந்தால் அந்தக் கட்டியான உறை நேராக முதுகெலும்பில் இடிக்கும், போதாததற்குக் கத்தியை உறைக்குள் திரும்பப் போடும்போது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு வேகமாக உருவலாம் என்றே எல்லாரும் பேசுகிறார்கள். கேம்பில் அந்த வேகத்துக்கு வேலையே இல்லை, பார்த்து நிதானமாகத் திரும்பப் போட முடிகிற இடம்தான் சரியான இடம். வலதுகைக்காரர் என்றால் வலது இடுப்பில், பேன்ட்டின் பக்கத் தையலுக்குச் சற்றுப் பின்னால். முன்பக்கம் தொடை இடுக்கில் மாட்டாதீர்கள், உட்காரும்போது உறை குத்தும், பெரிய ரத்தக்குழாய் ஓடுகிற இடமும் அது. முதுகுப் பையின் இடுப்புப் பட்டை இடிக்கிறதா? அப்படியானால் நடக்கும்போது கத்தி பைக்குள் இருக்கட்டும், கூடாரம் போட்ட பிறகு பெல்ட்டுக்கு வரட்டும்.

மாட்டுவதற்கு முன் உறையைச் சோதியுங்கள். மெத்தைக்கு மேல் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறினாலும் கத்தி நழுவக்கூடாது. நழுவினால், உறையின் வாய்ப்பக்கம் இறுக்கும் திருகு இருக்கிறதா பாருங்கள், பல கைடெக்ஸ் உறைகளில் ரப்பர் வாஷரோடு இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். ரொம்ப இறுக்கினாலும் ஆபத்துதான், பலம் கொடுத்து இழுக்கும்போது கத்தி திடீரென்று விடுபட்டுக் கை எங்கேயோ போகும். அதனால் இழுக்கவே கூடாது. நான்கு விரலும் கைப்பிடியில் இருக்க, கட்டைவிரலால் உறையின் மேல்விளிம்பை அழுத்தித் தள்ளுங்கள், 'க்ளிக்' என்று பிடி விட்டதும் மெதுவாக உருவுங்கள். மற்றக் கையால் உறையைப் பிடித்தாக வேண்டுமென்றால் கூர் இருக்கிற பக்கத்தைச் சுற்றி விரல் போகக்கூடாது. தோல் உறையில் இது இன்னும் முக்கியம், கூரான அலகு தையலை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். திரும்பப் போடும்போது கண் உறையின் வாயிலேயே இருக்கட்டும். பேச்சை நிறுத்திவிட்டு, அலகின் முதுகை, அதாவது கூர் இல்லாத பக்கத்தை, உறையின் ஓரத்தில் உரசியபடி உள்ளே விடுங்கள்.

அப்புறம் பிடி. சுத்தியலைப் பிடிப்பதுபோல் முழு முஷ்டியாகப் பிடிப்பதுதான் அடிப்படை, விறகு சீவுவதிலிருந்து கயிறு அறுப்பது வரை அதுவே போதும். நுணுக்கமாகச் சீவும்போது கட்டைவிரலை அலகின் முதுகில் வைக்கலாம், கட்டுப்பாடு கூடும், ஆனால் முஷ்டியின் இறுக்கம் குறைந்துவிடுவதால் பலம் வேண்டிய வேலைக்கு அப்படிப் பிடிக்காதீர்கள். அலகு சுண்டுவிரல் பக்கம் வருகிற தலைகீழ்ப் பிடிக்குக் கேம்பில் எந்த வேலையும் கிடையாது. எந்தப் பிடியானாலும் கையில் எண்ணெயோ மழைநீரோ இருந்தால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள், கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு இல்லாத கத்தியில் விரல் வழுக்கிக் கூரில் போய் விழும். மடியில் வைத்து எதையும் சீவாதீர்கள், முழங்காலுக்கு வெளியே, உடம்பை விட்டு விலகிப் போகிற திசையில் வெட்டுங்கள்.

உங்கள் கத்தி 1095 ரகம் போன்ற, துருப்பிடிக்கக்கூடிய கார்பன் எஃகு என்றால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, வீட்டில் உறைக்கு வெளியே வையுங்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவேற்றும், கைடெக்ஸுக்குள் சேரும் மணல் அலகைக் கீறும், அந்த உறையைத் தண்ணீரால் அலசிக் காயவைத்தால் சரி.

சட்டத்தையும் நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். இந்திய ஆயுத விதிகளின் அட்டவணை, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதம் என்று சொல்கிறது, வீட்டு, விவசாய உபயோகத்துக்கானவை நீங்கலாக. உங்கள் 7 அங்குலம் நீளத்தில் அந்த அளவைத் தாண்டவில்லை. அதற்காகப் பேருந்து நிலையத்தில் இடுப்பில் தெரிய மாட்டிக்கொண்டு நிற்காதீர்கள், பயணத்தில் பையின் அடியில் கிடக்கட்டும். விமானத்தில் கைப்பையில் அனுமதி கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கத்தியையும் ஆயுதம் என்றே கணக்கில் எடுக்கிறது, சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் கொண்டுபோக எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். போகிற பாதை அப்படிப்பட்ட காட்டுக்குள் என்றால் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.