அமெரிக்காவில் இருக்கும்போது இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால், பழையதில் உள்ள விசாவைப் புதியதற்கு மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம். மாற்றவும் முடியாது, அமெரிக்காவில் அப்படி ஒரு நடைமுறையே கிடையாது. எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், பாஸ்போர்ட் அடுத்த வருடம் முடிகிறது, விசா அதற்குப் பிறகும் செல்லும், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். விசா பழைய பாஸ்போர்ட்டிலேயே இருக்கட்டும். அதில் அச்சடித்திருக்கும் கடைசித் தேதி வரை அது செல்லும். பயணம் போகும்போது பழையது, புதியது இரண்டையும் கையில் வைத்திருந்தால் போதும்.

உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் பாஸ்போர்ட் தேதியால் வரும் நிஜமான தலைவலி விசாவில் இல்லை, ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. டெக்சாஸில் குடும்பத்தோடு பல வருடமாக எச்-1பி-யில் குப்பை கொட்டிக்கொண்டிருப்பவன், அவ்வளவே.

முதலில் விசாவை முடித்துவிடுவோம். புதுப் பாஸ்போர்ட்டோடு பழையதும் திரும்பி வரும். அட்டையின் மூலையை வெட்டி, 'கேன்சல்டு' என்று முத்திரை குத்தியிருப்பார்கள். அதைப் பார்த்ததும் பலருக்கு வயிற்றைக் கலக்கும். ரத்தானது பாஸ்போர்ட் மட்டும்தான். விசா கொடுத்தது அமெரிக்க அரசு. இந்தியத் தூதரகம் அதை ரத்து செய்ய முடியாது. நீங்கள் பார்க்க வேண்டியது, விசா ஒட்டிய பக்கம் வெட்டுப்படாமல், கிழியாமல் இருக்கிறதா என்பதை. விசாவின் மேலேயே 'கேன்சல்டு வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று அமெரிக்கத் தூதரகம் முத்திரை குத்தியிருந்தால் அது வேறு கதை. அதே வகையில் புது விசா கொடுக்கும்போது பழைய விசாவின் மேல் அப்படிக் குத்துவார்கள். அந்தப் பழைய விசா பிறகு செல்லாது.

தப்பித் தவறிக்கூட விசா ஸ்டிக்கரைப் பிரித்து எடுத்துப் புதுப் பாஸ்போர்ட்டில் ஒட்டிவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரித்த நொடியே விசா செல்லாது என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே எழுதி வைத்திருக்கிறது. இரண்டு பாஸ்போர்ட்டையும் ஸ்டேப்ளர் அடித்து இணைப்பதும் எனக்குப் பிடிக்காது. ஒரு ரப்பர் பேண்ட் போதும்.

விமான டிக்கெட்டில், ஆன்லைன் செக்-இன்னில் எல்லாம் புதுப் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுங்கள். விசா எண் கேட்டால் ஸ்டிக்கரின் கீழே வலது பக்கம் சிவப்பில் இருக்கும் எண். ஸ்டிக்கரில் பழைய பாஸ்போர்ட் எண்ணும் அச்சாகியிருக்கும். அது புதியதோடு ஒத்துப்போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். புதுப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய பாஸ்போர்ட் எண், அது கொடுக்கப்பட்ட தேதி, இடம் எல்லாம் இருக்கும். கவுண்டரில் இருப்பவர் இரண்டையும் பொருத்திப் பார்ப்பது அதை வைத்துத்தான். அமெரிக்காவில் இறங்கியதும் அதிகாரி இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டுப் புதியதில் முத்திரை குத்தி, பக்கத்தில் பேனாவால் 'விஐஓபிபி' என்று எழுதுவார். விசா வேறொரு பாஸ்போர்ட்டில் இருக்கிறது என்பதற்கான குறிப்பு அது. இப்போது பல விமான நிலையங்களில் முத்திரையே குத்துவதில்லை என்பதால் அந்த எழுத்தைக் காணோமே என்று தேட வேண்டாம்.

நம்மைவிட இதில் அதிகம் மாட்டுகிறவர்கள் நம் அப்பா அம்மாக்கள். அவர்களுக்குச் சுற்றுலா விசா பத்து வருடத்துக்குக் கிடைத்திருக்கும், நடுவில் பாஸ்போர்ட் மட்டும் முடிந்திருக்கும். புதியது வந்ததும் பழையது பீரோவுக்குள் போய்விடும், "அதான் கேன்சல் ஆயிடுச்சே" என்று. அல்லது பத்திரமாக இருக்கட்டும் என்று செக்-இன் பெட்டிக்குள் புடவைகளுக்கு அடியில் வைப்பார்கள். பெட்டி பெல்ட்டில் போன பிறகு சென்னை இமிக்ரேஷனில் விசா எங்கே என்று கேட்டால் என்ன செய்வது? என் அம்மாவிடம் கிளம்புவதற்கு முந்தின நாள் போனில், "ரெண்டும் கைப்பையில இருக்காம்மா, எடுத்துக் காட்டுங்க" என்று வீடியோ காலில் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும். இதற்காக வாங்கும் திட்டையும் வாங்கிக்கொள்வேன்.

சரி, ஐ-94-க்கு வருவோம்.

விசா வாசல் வரைக்கும்தான். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94. முன்பு பாஸ்போர்ட்டில் செருகிக் கொடுக்கும் சின்ன வெள்ளை அட்டை; விமானத்தில் வருபவர்களுக்கு 2013 முதல் கணினிப் பதிவாகிவிட்டது. காகிதமாகக் கையில் இல்லாததால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. அங்கேதான் வினை.

உங்கள் எச்-1பி ஒப்புதல் கடிதமான ஐ-797-இன் அனுமதி 2028 ஆகஸ்ட் வரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் 2027 மார்ச்சில் முடிகிறது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறீர்கள். அதிகாரி பாஸ்போர்ட் தேதியைப் பார்த்து ஐ-94-ஐ 2027 மார்ச்சோடு நிறுத்திவிடலாம். கடைசியாக உள்ளே வந்தபோது கிடைத்த ஐ-94-தான் கணக்கு. கையில் 2028 வரை ஐ-797 இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பீர்கள், ஆனால் சட்டப்படி உங்கள் தங்கல் மார்ச்சிலேயே முடிந்திருக்கும். அதற்குப் பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் ஐ-94 தானாக நீளாது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அனுமதி தாண்டி 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டு வெளியே போனால் மூன்று வருடம் திரும்ப வர முடியாது. ஒரு வருடம் தாண்டிவிட்டால் பத்து வருடம்.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். பெரியவர்கள் பாஸ்போர்ட் பத்து வருடம் என்றால் சிறுவர்களுக்கு ஐந்து வருடம்தான். ஒரே குடும்பம், ஒரே வரிசை, ஒரே அதிகாரி. அப்பாவுக்கு ஒரு தேதி, எச்-4 என்ற குடும்ப விசாவில் இருக்கும் பையனுக்கு ஒரு வருடம் முந்தின தேதி. கம்பெனி வக்கீல் எச்-1பி தேதியை மட்டும் கவனமாகப் பார்ப்பார். மனைவி, பிள்ளைகளின் தேதியைப் பார்ப்பது பல இடங்களில் யாருடைய வேலையும் இல்லை. அதனால் ஒவ்வொரு பயணம் முடிந்ததும், ஜெட் லாகில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே, சுங்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 தளத்தில் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். தேடும்போது எந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே வந்தீர்களோ அந்த எண்ணைப் போட வேண்டும். வந்த பிறகு புதுப்பித்திருந்தால் பழைய எண்ணில்தான் பதிவு கிடைக்கும். புது எண்ணைப் போட்டுவிட்டு "பதிவே இல்லை" என்று பதற வேண்டாம்.

தேதி குறைந்திருந்தால் என்ன செய்வது? அந்தத் தேதிக்கு முன்பே புதுப் பாஸ்போர்ட்டோடு ஒருமுறை வெளிநாடு போய்த் திரும்பினால் புது ஐ-94 முழு நாளுக்கும் கிடைக்கும். ஊருக்குப் போகும் திட்டம் ஏற்கெனவே இருந்தால் இதுதான் சுலபம். இல்லையென்றால் உள்ளிருந்தபடியே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்: எச்-1பி-க்குக் கம்பெனி வழியாக ஐ-129, மனைவி பிள்ளைகளுக்கு ஐ-539. இதையும் தேதி முடிவதற்குள் செய்ய வேண்டும். நுழைவுப் பதிவில் வந்த பிழைகளைத் திருத்தித் தரும், விமான நிலையத்தில் இருக்கும் டெஃபர்டு இன்ஸ்பெக்ஷன் அலுவலகத்துக்குப் போய்ப் புதுப் பாஸ்போர்ட்டைக் காட்டித் திருத்திக் கேட்பவர்களும் உண்டு. சில இடங்களில் செய்து தருகிறார்கள். சில இடங்களில் இது பிழை இல்லை, பாஸ்போர்ட் தேதிப்படிதான் கொடுத்திருக்கிறோம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். அதை மட்டும் நம்பிக் கடைசி வாரம் வரை இருக்காதீர்கள். டெக்சாஸில் சிலர் எல்லை ஊரான லரெடோ வழியாகக் காரில் மெக்சிகோ போய்விட்டு வந்துவிடலாம் என்பார்கள். தரை எல்லையில் புது ஐ-94 தானாகக் கிடைக்காது, கேட்டு, கட்டணம் கட்டி வாங்க வேண்டும். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதில் இறங்காதீர்கள்.

எஃப்-1 மாணவர்களுக்கு ஐ-94-இல் தேதிக்குப் பதிலாக 'டி/எஸ்' (மாணவர் தகுதி நீடிக்கும் வரை) என்று இருக்கும் என்பதால் பாஸ்போர்ட் தேதியால் இந்த வெட்டு விழாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு விசாவும் இல்லை, ஐ-94 கவலையும் இல்லை. உங்களைப் போல எச்-1பி-யில் இருப்பவர்களுக்கு இன்னொரு இடத்திலும் இது இடிக்கும்: டெக்சாஸில் நமக்குக் கொடுக்கும் 'லிமிடெட் டெர்ம்' ஓட்டுநர் உரிமம் தங்கல் தேதியை ஒட்டித்தான் வரும். ஐ-94 குறைந்தால் உரிமமும் குறையும்.

ஆக, என் கருத்து: இந்தியா போகும் திட்டம் இருந்தால், கிளம்புவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள். காலாவதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். "இன்னும் எட்டு மாதம் இருக்கே, வந்து பாத்துக்கலாம்" என்று அதே பாஸ்போர்ட்டில் போய்விட்டு வருவதுதான் மேலே சொன்ன வினையை விலை கொடுத்து வாங்குவது.

புதுப்பிக்கும் வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. பாஸ்போர்ட் சேவா தளத்தில் படிவம், பிறகு விண்ணப்பங்களை வாங்கி அனுப்பும் விஎஃப்எஸ் நிறுவனம் வழியாக உங்கள் மாநிலத்துக்கு உரிய தூதரகம். டெக்சாஸ் என்றால் ஹூஸ்டன். பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருப்பதால் அது திரும்பி வரும் வரை வெளிநாட்டுப் பயணம் கிடையாது. ஊரில் ஏதாவது அவசரம் என்றால் என்ன செய்வது என்பதை யோசித்துவிட்டு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். அனுப்புவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும், குறிப்பாக விசா பக்கத்தை, ஸ்கேன் செய்து வையுங்கள். பாஸ்போர்ட் கையில் இல்லாததால் உங்கள் ஸ்டேட்டஸுக்கு ஒன்றும் ஆகாது. புதியது வந்ததும் எச்.ஆருக்கும் வக்கீலுக்கும் ஒரு காப்பி, விமான நிலையத்தில் சீக்கிரம் உள்ளே விடும் குளோபல் என்ட்ரி இருந்தால் அந்தக் கணக்கிலும் புது எண்.

நம்மவர்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு: பெயர். இனிஷியலை விரித்து முழுப் பெயரையும் 'கிவன் நேம்' கட்டத்தில் போட்டு, 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விட்ட பாஸ்போர்ட் தமிழ்நாட்டில் ஏராளம். அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் முழுக்க சர்நேம் இடத்துக்குப் போய், கிவன் நேம் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது) என்று நிற்கும். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் "மிஸ்டர் ஃப்னூ" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு நொந்துபோய், புதுப்பிக்கும்போது அப்பா பெயரைப் பிரித்து சர்நேமில் போட்டுவிடலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். செய்யலாம், ஆனால் பழைய விசாவிலும் ஐ-797-லும் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர் என்று ஆகும். பெயர் மாறினால் புது விசா வாங்கிக்கொள்வதே நல்லது என்பதுதான் அமெரிக்க வெளியுறவுத் துறையின் அறிவுரையும். விசா இன்னும் சில வருடம் மீதி இருக்கும்போது பெயரில் கை வைக்காமல், அடுத்த ஸ்டாம்பிங்குக்கு, அதாவது தூதரகத்தில் புது விசா வாங்க, எப்படியும் போக வேண்டிய சமயத்தில் பிரித்துக்கொள்வது உத்தமம்.

வேறு நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு: அங்கங்கே முறை வேறு. அமீரகத்தில் 2022 ஏப்ரலிலிருந்து பாஸ்போர்ட்டில் ரெசிடென்ஸ் விசா ஒட்டுவதே இல்லை, எமிரேட்ஸ் ஐடிதான் எல்லாம். சவுதியில் புதுப் பாஸ்போர்ட் விவரத்தை இகாமா (குடியிருப்பு அனுமதி) பதிவில் ஏற்றும் 'நகல் மாலூமாத்' வேலையை அப்ஷர் என்ற அரசுத் தளம் வழியாகவோ கம்பெனி வழியாகவோ, ஊருக்குப் போய்த் திரும்பும் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிரிட்டனில் இ-விசா வந்துவிட்டதால் உங்கள் கணக்கில் புதுப் பாஸ்போர்ட்டைச் சேர்த்தால் சரி. நீங்கள் கேட்ட மாதிரி முத்திரைகளைப் புதியதற்கு நிஜமாகவே மாற்றித் தருவது தாய்லாந்தில். அங்கே இமிக்ரேஷன் அலுவலகத்துக்கு இரண்டு பாஸ்போர்ட்டையும் கொண்டுபோனால் நுழைவு முத்திரையையும் தங்கல் நீட்டிப்பையும் புதியதில் பதித்துத் தருவார்கள்.

கடைசியாக, பழைய பாஸ்போர்ட் தொலைந்தால் விசாவும் போனதுதான். அமெரிக்காவுக்குள் இருந்தபடி அதற்கு மாற்று வாங்க முடியாது. 2024-இல் எச்-1பி-க்கு உள்நாட்டிலேயே விசா புதுப்பிக்கும் சோதனைத் திட்டம் ஒன்று 20,000 பேர் வரை என்று நடந்தது. அது தொலைந்த விசாவுக்கானது இல்லை, அந்தச் சுற்றோடு முடிந்தும்விட்டது. போலீஸில் புகார் கொடுத்து, விசா கொடுத்த தூதரகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு பாஸ்போர்ட் சோபாவுக்கு அடியில் கிடைத்தாலும் அந்த விசாவில் பயணம் செய்ய முடியாது. ஐ-94 செல்லும் வரை இங்கே இருப்பதற்கும் வேலை செய்வதற்கும் தடையில்லை. ஊருக்குப் போனால்தான் சென்னையிலோ வேறு தூதரகத்திலோ புதிதாக ஸ்டாம்பிங். 2025 செப்டம்பரிலிருந்து, நேர்காணல் இல்லாமல் விசா வாங்கும் டிராப்பாக்ஸ் வசதியை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள், எச்-1பி-காரர்களும் நேர்காணலுக்குப் போக வேண்டும். எனவே அப்பாயின்ட்மென்ட் கையில் கிடைத்த பிறகு டிக்கெட் போடுங்கள்.