அபராதம் கட்டினால் முடிந்துவிட்டதா?

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நான் பாம்பன் பக்கம். 2015-இல், எனக்கு இருபது வயதிருக்கும்போது, எங்கள் நாட்டுப்படகு வலையை ஒரு விசைப்படகு அறுத்துக்கொண்டு போனது. கரைக்கு வந்ததும் கைகலப்பு, அடித்துக் காயப்படுத்தியதாக இந்தியத் தண்டனைச் சட்டம் 323-இல் வழக்கு. "ஒத்துக்கொண்டால் ஃபைனோடு முடியும்" என்றார்கள். ஆயிரம் ரூபாய் கட்டினேன். அப்புறம் டி.பார்ம் படித்து, மருந்தாளுநராகப் பதிவு வாங்கி, ராமநாதபுரத்தில் ஒரு மெடிக்கலில் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது, தண்டனை பெற்றதுண்டா என்று படிவத்தில் கேட்டிருந்ததற்கு 'இல்லை' என்று எழுதினேன். ஃபைனும் தண்டனை என்று சத்தியமாகத் தெரியாது. இப்போது போலீஸ் சரிபார்ப்பில் விஷயம் வந்துவிட்டது. மேலாளர் அந்தத் தாளைக் கவுண்டரில் எல்லார் முன்னாலும் வாசித்தார். என் பதிவே ரத்தாகிவிடும் என்கிறார்கள். ரசீதைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். பெயர் போடவேண்டாம்.

அன்புள்ள தம்பி,

ரசீதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்காக மடித்து பாலிதீன் உறைக்குள் வைத்த மடிப்பு, ஓரத்தில் உப்புத்தண்ணீர் பட்ட பழுப்பு. கடலுக்குப் போகிற வீடுகளில் முக்கியமான தாள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். மறைக்க நினைக்கிறவர் இத்தனை வருடம் இதைப் பத்திரப்படுத்த மாட்டார். நீங்கள் சொல்வதை நம்புகிறேன்.

நான் எட்டு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். வராந்தாவில் வரிசையாக நிற்பார்கள். உள்ளே போனால் "குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா?" என்று ஒரு கேள்வி. "ஆமாங்கய்யா." அவ்வளவுதான். பணத்தைக் கட்டிவிட்டு, விடுதலையானதுபோல் டீக்கடைக்குப் போவார்கள். அது விடுதலை இல்லை, தண்டனைத் தீர்ப்பு என்று யாரும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஏனென்றால் வேறு வழிகள் இருந்தன. அப்போதிருந்த 323 சமரசத்துக்கு உரிய பிரிவு; 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதா 115(2)-உம் அப்படித்தான். அடிபட்டவர் நீதிமன்றத்தில் சமாதானம் சொன்னால் சட்டப்படி அது விடுதலைதான். அது நடக்காவிட்டால், 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி, முதல் தடவை தவறியவரைக் கண்டித்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அப்படி அனுப்பப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது இன்று இப்படி வழக்கு இருந்தால், ஒத்துக்கொள்வதற்கு முன் வக்கீலிடம் இந்த இரண்டையும் கேளுங்கள்.

சரி, உங்கள் பதிவு. பார்மசி சட்டம் 1948, 36-ஆம் பிரிவு. தண்டனை பெற்றவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க அது இடம் கொடுக்கிறது. ஆனால் தானாக நீங்கிவிடாது. அந்தக் குற்றம் இவரைத் தொழிலுக்குத் தகுதியற்றவராக ஆக்குகிறது என்று மாநில பார்மசி கவுன்சிலின் செயற்குழு கருதவேண்டும். அதற்கு முன் உங்கள் பேச்சைக் கேட்கவேண்டும். வலைக்காக இருபது வயதில் போட்ட சண்டைக்கும் மருந்து எடுத்துக் கொடுக்கிற கைக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால் இதையே சொல்லுங்கள்.

ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு கோடு. வக்கீலாகப் பதிய, முக்கியமாக ஒழுக்கக்கேடு (மோசடி, திருட்டு போன்ற நேர்மைகெட்ட செயல்) சார்ந்த குற்றத்துக்கான தண்டனைதான் தடை. அதுவும் வெளியே வந்து இரண்டு வருடத்தில் விலகிவிடும். பாஸ்போர்ட் சட்டம் தண்டனையைக் காரணம் காட்டி மறுக்க வேண்டுமானால், அது கடந்த ஐந்து வருடத்துக்குள் இந்திய நீதிமன்றம் ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு விதித்த, இரண்டு வருடத்துக்குக் குறையாத சிறையாக இருக்கவேண்டும். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கை நீதிமன்றத்தில், உடனே சிறைக்கு அனுப்பாமல் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடு திரும்பியவர்கள் நம் கரையில் எத்தனையோ பேர். "இனி பாஸ்போர்ட்டே கிடைக்காது" என்று அவர்களைப் பயமுறுத்துகிறவர்கள் அந்த 'இந்திய' என்ற சொல்லைப் படிப்பதில்லை.

உங்களுக்கு உண்மையில் கஷ்டம் தரக்கூடியது வழக்கு அல்ல, அந்த 'இல்லை'. அரசு வேலை சம்பந்தமாக 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: படிவத்தில் உண்மையை எழுதவேண்டும்; ஆனால் இளவயதில் நடந்த அற்ப வழக்கை ஒருவர் எழுதாமல் விட்டிருந்தால், வேலை கொடுப்பவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் கடை தனியார் கடைதான். ஆனாலும் அந்த நியாயத்தை முதலாளியிடம் எடுத்துவைக்கலாம். ஒரு பக்கக் கடிதம் போதும்: என்ன நடந்தது, ஏன் 'இல்லை' என்று எழுதினீர்கள் என்று. தீர்ப்பின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் கேட்பதற்கு முன் கொடுங்கள்.

கவுண்டரில் வாசித்தது தவறு. தீர்ப்பு பொது ஆவணம்தான், அதை மறைக்க முடியாது. அதற்காகப் பணிக்கோப்பில் இருக்கிற தாளை, உங்களோடு மாத்திரை எண்ணுகிறவர்களுக்கு வாசித்துக் காட்டும் உரிமை மேலாளருக்கு எங்கிருந்து வந்தது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது முதன்மையாக அரசை நோக்கித்தான். அதை வைத்து நாளையே ஒரு மெடிக்கல் மேலாளரை மடக்கிவிடலாம் என்று பொய் நம்பிக்கை தரமாட்டேன். இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, சின்னத் தண்டனைகள் சில காலம் போனதும் காலாவதியானதாகக் கருதப்படுகின்றன. இங்கே பொதுவாக அப்படி ஒரு சட்டம் இல்லை. வேண்டும். அதுவரை, அந்தக் கோப்பை யார் யார் பார்க்கலாம் என்று முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள். மேலாளரோடு வாக்குவாதம் வேண்டாம்.

முதலில் நீதிமன்ற நகல் பிரிவில் மனு போடுங்கள். வழக்கு எண்ணும் தேதியும் கேட்பார்கள். மங்கியிருந்தாலும், இரண்டும் உங்கள் ரசீதின் மேல் மூலையில் இருக்கின்றன.