599 ரூபாய்க்கு 46 பீஸ் டூல் செட்டு, வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, புது வீட்டுக்கு வந்திருக்கோம், பழைய பைக்கும் ஒண்ணு இருக்கு. சின்ன வேலையெல்லாம் நானே பாத்துக்கலாம்னு டூல்ஸ் வாங்கப் போறேன். ஆன்லைன்ல 46 பீஸ் சாக்கெட் செட்டு 599 ரூபாய்க்கு வருது, சீனாப் பொருள். அதே காசுக்கு பக்கத்து ஹார்டுவேர் கடையில நம்ம நாட்டு கம்பெனி கட்டிங் பிளேயர் ஒண்ணு, ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு, அவ்ளோதான் வருது. எதை வாங்கட்டும்? (திருப்பூர் வாசகர்)

பதில்: தம்பி, அந்த 46ல எத்தனை உங்க கைக்கு வரப்போகுதுன்னு எண்ணிப் பாத்தீங்களா? பெரும்பாலும் ஸ்க்ரூ டிரைவர் பிட்டும், நட்டு மேல தொப்பி மாதிரி உக்கார்ற சாக்கெட்டும்தான். இந்த செட்டுல வர்ற ராட்செட், அதான் சாக்கெட்ட மாட்டி டிக்டிக்னு சுத்துற கைப்பிடி, பெரும்பாலும் கால் இஞ்ச், அதாவது சாக்கெட் மாட்டுற சதுர மூக்கு கால் இஞ்ச்தான், அதனால சாக்கெட் சைஸும் 14 மில்லிமீட்டரோட நின்னுரும். உங்க பைக்ல 17 சைஸ் நட்டு இருந்தா அன்னைக்கு மறுபடி கடைக்குத்தான் ஓடணும்.

நானும் இந்த மாதிரி செட்டு ஒண்ணு வாங்கி பட்டவன்தான், பேரு எதுக்கு, பொட்டியில பேரே ஒழுங்கா இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை ஆயில் மாத்தலாம்னு பைக்குக்கு அடியில குனிஞ்சு ஆயில் வடிக்கிற ட்ரெயின் போல்ட்டுல 12 சாக்கெட்ட மாட்டி ஒரு அழுத்து அழுத்துனேன், உள்ள ராட்செட்டோட பல்லு வழுக்கி கை நேரா போய் சைலன்சர்ல இடிச்சு முட்டித் தோலு போச்சு, சரி போகட்டும்னு மறுபடி அழுத்துனா இப்ப சாக்கெட்டே சுத்துது, போல்ட்டு அசையல. கழட்டிப் பாத்தா போல்ட்டோட ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாயிருச்சு. வண்டிய தள்ளிட்டுப் போனேன். மெக்கானிக் உளிய வெச்சு தட்டித் தட்டி கழட்டுனாரு, புது போல்ட்டு, கூலி எல்லாம் சேத்து செட்டு வாங்குன காசுக்கு மேல ஆச்சு. அவரு கையில இருந்த ரிங் ஸ்பேனர்ல நம்பரே தேஞ்சு போயிருந்துச்சு, வாய் மட்டும் புதுசு மாதிரி இருந்துச்சு.

வித்தியாசம் இரும்புல பாதி, பதத்துல பாதி. நல்ல ஸ்பேனர்னா பழுக்கக் காய்ச்சி அச்சுல வெச்சு அடிச்சது, அதுக்கப்புறம் பதம் போட்டது. பதம் ஏறிப்போனா படக்குன்னு உடையும், கம்மியா இருந்தா வாய் விரியும். கொல்லன் அரிவாளுக்குப் பாக்குற அதே கணக்குதான். மேல குரோம் வெனேடியம்னு, அதான் கெட்டியான கலப்பு இரும்போட பேரு, எழுத்து குத்தியிருக்கே அண்ணேன்னு கேப்பீங்க, எழுத்து யாரு வேணா குத்தலாம் தம்பி. கடைக்குப் போறப்ப பையில ஒரு புது 10, ஒரு 12 சைஸ் போல்ட்ட போட்டுட்டுப் போங்க, ஸ்பேனர்ல வெச்சு ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னு ஆடுனா கீழ வெச்சிருங்க, அது நாளைக்கு உங்க போல்ட்ட உருட்டிரும். முலாம் ஓரத்துல தோலு மாதிரி எழும்பியிருந்தாலும் வேணாம், அது கையக் கிழிக்கும்.

அதுக்காக வெளிநாட்டுச் சாமான்னாலே மட்டம்னு நான் சொல்லல. ஜெர்மனி பிளேயர், ஜப்பான் ஸ்க்ரூ டிரைவர், தைவான் ராட்செட்டு எல்லாம் கையில எடுத்தாலே தெரியும், விலையும் அப்படித்தான் இருக்கும். இன்னொண்ணு, ஜப்பான் கம்பெனி பைக்குங்கள்ல ப்ளஸ் ஸ்க்ரூவோட வாய் ஜப்பான் அளவு, பாக்க நம்ம ப்ளஸ் மாதிரியே இருக்கும், ஆனா சாதா டிரைவர் அதுல முழுசா உக்காராம மேல ஏறி ஏறி வழுக்கும், அதுக்குன்னே ஜப்பான் டிரைவர் ஒண்ணு வாங்குறது தப்பே இல்ல. மட்டம்னு நான் சொல்றது பேரு ஊரு தெரியாத மலிவு பொட்டிய.

நம்ம பக்கம் பாத்தா ஜலந்தர், லூதியானால அடிக்கிற ஸ்பேனரு அமெரிக்கா, ஐரோப்பாவுக்கெல்லாம் கப்பல் ஏறுது. டபாரியாங்குற நம்ம நாட்டு டூல் கம்பெனி 1969லயே ஸ்வீடன் கம்பெனியோட தொழில்நுட்பத்துல ஆரம்பிச்சது. இதெல்லாம் லூஸ்ல ஒவ்வொண்ணா கிடைக்கும், அதுதான் உங்களுக்கு வசதி. இந்த மாசம் 8 இஞ்ச் கட்டிங் பிளேயர், ரெண்டு பக்கமும் மாத்திப் போடுற ஸ்க்ரூ டிரைவர், ஒரு டெஸ்டர். அடுத்த மாசம் ஸ்பேனர் 10, 12, 14. 17ஐ தேவை வர்றப்ப வாங்கிக்கலாம். ராட்செட்ட அவசரப்பட்டு வாங்காதீங்க, அதுல நம்ம ஊரு மலிவு மாடலும் சுமார்தான், வாங்குனா அரை இஞ்ச்ல நல்லதா ஒண்ணு. சாக்கெட் ஆறு மூலை உள்ளதா கேளுங்க, 12 மூலை சாக்கெட் இறுகுன போல்ட்டுல சீக்கிரம் வழுக்கும்.

கேள்வி: சார், என் வீட்டுக்காரர் வயரிங் வேலை பாக்குறார். இந்தியக் கம்பெனின்னு சொல்லி ஒரு கடையில பிளேயர் வாங்கிட்டு வந்தார், ரெண்டே வாரத்துல வெட்டுற வாயில பள்ளம் விழுந்துருச்சு. டூப்ளிகேட்டா இருக்குமோன்னு சந்தேகம். எப்படிக் கண்டுபிடிக்கிறது? (மதுரை வாசகி)

பதில்: ரெண்டு வாரத்துல பள்ளம்னா சந்தேகம் நியாயம்தாம்மா. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க, அதுல கம்பி ஆணி, ஸ்பிரிங் கம்பி ஏதாவது வெட்டுனாரா? வெறும் காப்பர் வயர்தான்னா பதமே இல்லாத சரக்கு. நல்லா ஓடுற பேருக்கெல்லாம் சந்தையில டூப்ளிகேட் உண்டு. பேக்கெட்ட திருப்பிப் பாருங்க, பேக் பண்ணி விக்கிற பொருள்னா தயாரிச்சவங்க இல்ல இறக்குமதி பண்ணவங்க பேரு, அட்ரஸ், எம்ஆர்பி, மாசம் வருஷம், புகார் நம்பர் எல்லாம் இருக்கணும், இறக்குமதின்னா எந்த நாடுன்னும் போட்டிருக்கணும், இது சட்டம். நம்ம நாட்டுக் கம்பெனி பேர்லயே வெளிநாட்டுச் சரக்கும் வரும், அதனால முன்பக்கப் பேரோட நிறுத்திக்காதீங்க. பில்லு கேட்டா மழுப்புற கடையில வாங்கவே வேணாம். பில்லு இருந்தும் மாத்தித் தரலன்னா 1915க்குப் போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண்.

இத விட எனக்குக் கவலை வேற. கைப்பிடியில சிவப்பு ஸ்லீவ் இருந்தா ஷாக் அடிக்காதுன்னு நெறைய பேர் நம்பிட்டு இருக்காங்க. மலிவுல வர்ற ஸ்லீவ் வெறும் பிடிமானத்துக்குத்தான். கரண்ட் ஓடுற லைன்ல வேலை பாக்குறதுக்குன்னு சோதிச்ச பிளேயர்ல ரெட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட்டுனும் இருக்கும், வெலை கூடத்தான். அது இருந்தாலும் மெயின ஆஃப் பண்ணிட்டு வேலை பாக்கச் சொல்லுங்க, ஸ்லீவ் கீறல் விட்ட பிளேயர தூக்கிப் போடச் சொல்லுங்க.

கேள்வி: மொபைல், லேப்டாப் கழட்ட சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட்டு வேணும். அதுலயும் இந்தியச் சரக்கா தேடணுமா?

பதில்: தேவையில்ல, சீனா செட்டே தாராளமா போதும். இந்த வேலைக்கு பலம் வேணாம், சைஸுதான் வேணும், ஐபோனுக்கு அஞ்சு இதழ் நட்சத்திர பிட்டு, ஒய் பிட்டு எல்லாம் அந்த செட்டுலதான் ஒண்ணா கிடைக்குது. ரொம்ப மலிவா வாங்குனா நுனி சீக்கிரம் முறுக்கிக்கும், அதனால ஒரு படி மேல வாங்குங்க. செட்டுல ஸ்க்ரூ போட்டு வைக்க மூடி உள்ள குட்டி டப்பா வந்தா இன்னும் நல்லது, என் லேப்டாப்போட ஒரு ஸ்க்ரூ இன்னும் ஃபேனுக்கு அடியில எங்கேயோ கெடக்கு.