வரலாறு படித்த பெண்ணுக்கு ஒலிபரப்பில் என்ன வேலை?

வணக்கம் அம்மா. "மைக் பிடித்துப் பேசுவதற்கா இவ்வளவு கடன் வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் அங்கே வரலாறு படித்து, வானொலியிலும் பாட்காஸ்டிலும் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று உங்கள் மகள் கேட்பது விளையாட்டு ஆசை இல்லை.

பிபிசி ரேடியோ 4இல் 'இன் அவர் டைம்' என்ற உரையாடல் நிகழ்ச்சி 1998இல் தொடங்கியது. ஒரு தலைப்பு, பொதுவாக மூன்று ஆய்வாளர்கள், முக்கால் மணி நேரம். ஆயிரம் நிகழ்ச்சிகளைத் தாண்டிவிட்டது. அந்தந்தத் தலைப்பில் வருடக்கணக்காக உழைத்தவர்களைத்தான் அங்கே கூப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் 2008 முதல் 2020 வரை வந்த 'பேக்ஸ்டோரி' என்ற வரலாற்று பாட்காஸ்டைத் தொடங்கிய மூவரும் வரலாற்றுப் பேராசிரியர்கள். அவர்களில் எட் அயர்ஸ் அப்போது ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் தலைவர். அதாவது, மாதச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தது. பாட்காஸ்ட் வருமானத்தை நம்பி கல்விக்கடன் தவணையைக் கணக்குப் போட வேண்டாம்.

பிரிட்டனில் ஒரு சாதகம் உண்டு. பல்கலைக்கழக ஆய்வுகளை மதிப்பிடும் ஆர்.இ.எஃப். முறையில், பல்கலைக்கழகத்துக்கு வெளியே பொதுச் சமூகத்தில் அந்த ஆய்வு ஏற்படுத்திய தாக்கத்துக்கு 2014இல் 20 சதவீதமும் 2021இல் 25 சதவீதமும் மதிப்பு கொடுத்தார்கள். அதனால் வானொலியில் பேசும் ஆய்வாளரைத் துறையில் லேசாக எண்ணிவிடுவதில்லை. ஆனால் பேசியதற்கு அடியில் சொந்த ஆய்வு இருக்க வேண்டும். பிபிசியும், கலை மற்றும் மானுடப் புலங்களுக்கான பிரிட்டன் ஆய்வுக் கவுன்சிலும் சேர்ந்து 2010இல் தொடங்கிய 'நியூ ஜெனரேஷன் திங்க்கர்ஸ்' திட்டமும் இளம் ஆய்வாளர்களை ஒலிபரப்புக்குக் கொண்டுவருவதுதான். எனவே முதலில் எம்.ஏ., அப்புறம் முனைவர் பட்டம், கூடவே மைக். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

அவளுக்கு உண்மையிலேயே கை வருமா என்று இப்போதே பார்த்துவிடலாம். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையான வழக்குப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிட்டத்தட்ட 2 லட்சம் வழக்குகள். 18ஆம் நூற்றாண்டில் ஒரு வீட்டிலிருந்து 40 ஷில்லிங் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்குத் தண்டனை விதிக்கலாம். மனமிரங்கிய ஜூரிகள், பொருளின் மதிப்பை 39 ஷில்லிங் என்று குறைத்து எழுதி உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் சிலிர்க்கும். அப்படி ஒரே ஒரு வழக்கை எடுத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனில் எட்டு நிமிடம் பதிவு செய்யட்டும். பதிவில் இருப்பது எது, தான் ஊகிப்பது எது என்று கேட்பவருக்குப் பிரித்துக் காட்டத் தெரிகிறதா என்று கவனியுங்கள். குரல் இனிமையைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

விசா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி கிடையாது. படிக்கும்போதே சொந்த பாட்காஸ்டில் விளம்பரம் வாங்கிச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல்கலைக்கழக வானொலியில் சம்பளமில்லாமல் பழகட்டும். படிப்பு முடிந்து கிராஜுவேட் விசா கிடைத்தால் சுயதொழிலுக்குத் தடையில்லை.

முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த எட்டு நிமிடப் பதிவையும் பாடத்திட்டத்தையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆவணக் காப்பகப் பயிற்சி இல்லாத படிப்பாக இருந்தால் வேறு பல்கலைக்கழகம் பார்ப்போம்.