வாசகர் கேள்வி – பதில்: தெற்கு வானில் தென்சிலுவை

கேள்வி: சென்னையில் பணிபுரிகிறேன். மொட்டை மாடியில் நின்றால் விரல்விட்டு எண்ணிவிடும் அளவுக்கே விண்மீன்கள் தெரிகின்றன. மே மாத விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது எங்கள் கடற்கரையில் புதிதாக எவற்றைக் காணலாம்? (வாசகர், கீழக்கரை)

பதில்: சென்னையில் தெரிபவையும் எளியவை அல்ல. நிலவும், வெள்ளி, வியாழன் போன்ற கோள்களும் எந்த விளக்கொளியிலும் மறைவதில்லை. பஞ்சாங்கத்தில் அன்றாடம் படிக்கும் சித்திரை, சுவாதி, கேட்டை ஆகியவையும் மே மாத இரவில் மாநகர வானிலேயே வெறுங்கண்ணுக்குப் புலப்படும். நகர விளக்குகளின் ஒளி காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானத்தை வெளிறச் செய்வதால், மங்கலானவையும் அடிவானத்தை ஒட்டியவையும்தான் அங்கே காணாமல் போகின்றன.

கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என மன்னார் வளைகுடாக் கரையில் நின்று தெற்கே நோக்கினால் எதிரில் கடல்தான். ஊர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். மே மாத நடுவில், இரவு 9 மணியளவில், நேர்தெற்கே, நான்கு விண்மீன்கள் சிலுவை வடிவில் அமைந்த தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதன் அடி விண்மீன் சென்னையில் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 14 டிகிரி உயரமே எழுகிறது. உங்கள் ஊரில் 18 டிகிரி வரை எழும். ஆனால் உயரத்தைவிட இருட்டே முக்கியம் என்பேன். சிலுவையின் வலக்கை விண்மீன் மற்ற மூன்றையும்விட மங்கலானது. நகரத்தில் அது மறைந்துவிட்டால் சிலுவை என்ற உருவமே பிடிபடாது.

சிலுவைக்கு இடப்புறம், கடலுக்குச் சற்று மேலே, ஒளிமிக்க இரு விண்மீன்கள் தெரியும். அவற்றுள் இடக்கோடியில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதி, சுமார் 4.4 ஒளியாண்டுத் தொலைவில் (ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம்). பைனாகுலர் இருந்தால் இவற்றுக்கு மேலே ஒமேகா சென்டாரியைத் தேடுங்கள். பஞ்சுருண்டை போலத் தெரியும் அது, ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட கொத்து; ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. நள்ளிரவுக்குமேலும் விழித்திருக்க முடிந்தால், விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் இடையே பால்வீதியின் செறிந்த பகுதியைக் காணலாம்.

அமாவாசையை ஒட்டிய நாள்களைத் தேர்ந்தெடுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும். இடையில் ஒருமுறை கைபேசியைப் பார்த்தாலும் அத்தனையும் வீண். தனுஷ்கோடியை நினைக்க வேண்டாம், இருட்டிய பின் பயணிகளை அங்கே தங்க விடுவதில்லை.

கேள்வி: நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் துருவ நட்சத்திரம் தெரியுமா? (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: தெரியும். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில்தான் அது நிற்கும் என்பதால், இங்கே 9 டிகிரிக்குச் சற்று மேல், அதாவது நீட்டிய கையின் மூடிய முஷ்டி அளவு உயரத்தில் தேட வேண்டும். வடக்கே கடல் விரியும் அரியமான் கரை இதற்கு ஏற்றது.