ஒரு லேப்டாப்பும் நாற்பது பிள்ளைகளும்

கேள்வி: கடலூரில் எட்டாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். திரையில் கட்டம் கட்டமாக அடுக்கிக் கட்டுகிற மைன்கிராஃப்ட் மாதிரி கம்ப்யூட்டர் விளையாட்டை வைத்து வரலாறு நடத்தலாம் என்று படித்ததிலிருந்து ஒரே ஆசை. ஹெச்.எம்.மோ 'விளையாடத்தான் பி.டி. பீரியட் இருக்கே' என்கிறார். கையில் இருப்பது ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர். வகுப்பில் நாற்பது பேர். நடக்கிற காரியமா? (ஆசிரியை, மஞ்சக்குப்பம்)

பதில்: நடக்கும் டீச்சர். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருப்பதைவிட ஒன்றே ஒன்று இருப்பது நல்லது என்றுகூடச் சொல்வேன். நான் முதலில் முயன்றது புதுச்சேரியில், முப்பது கம்ப்யூட்டர் இருந்த லேபில். பாஸ்வேர்ட் போட்டு எல்லோரும் உள்ளே நுழைவதற்குள் பாதி பீரியட் போச்சு. மீதிப் பாதியில் ஒருத்தன் கட்டியதை இன்னொருத்தன் இடிக்க, அழுகை, பஞ்சாயத்து, பெல். பாடமா? எந்தப் பாடம்?

1971இல் அமெரிக்காவில், மினியாபொலிஸில், பயிற்சியில் இருந்த ஓர் இளம் வரலாற்று ஆசிரியர் தன் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து 'தி ஓரிகன் டிரெயில்' என்ற விளையாட்டை வகுப்புக்காகவே செய்தார். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே குடிபெயர்ந்த மக்களின் பயணம் அது. திரையே கிடையாது, டெலிடைப் இயந்திரம் தாளில் அடித்துக்கொடுக்கும், பிள்ளைகள் சுற்றி நின்று, தோட்டா வாங்குவதா சாப்பாடு வாங்குவதா என்று சண்டை போட்டு முடிவெடுப்பார்கள். அந்தச் சண்டைதான் நமக்கு வேண்டும்.

உங்களுக்குப் பாடம் பக்கத்திலேயே இருக்கிறது, தேவனாம்பட்டினத்தில். புனித டேவிட் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர்கள் மராத்தியர்களிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படி வந்ததுதான், குண்டு உப்பலவாடியில் இன்றும் அந்தக் குண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் வகுப்பிலேயே அந்த ஊர்ப் பிள்ளை யாராவது இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கோட்டையைத் திரையில் கட்ட மைன்கிராஃப்டின் கல்விப் பதிப்புக்குக் காசு கட்ட வேண்டாம். அதே மாதிரி லுவாண்டி என்று ஒன்று இருக்கிறது (2024 வரை மைன்டெஸ்ட் என்று பெயர்), இலவசம், ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும், ஓரளவு பழைய லேப்டாப்பும் தாங்கும். ஒரு கட்டம் ஒரு மீட்டர் என்று கணக்கு. கீபோர்டில் ஒரு பிள்ளை உட்காரட்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும், ஆனால் என்ன கட்டுவது என்று சொல்வது மற்ற முப்பத்தொன்பது பேர். எவனாவது கண்ணாடியிலும் வைரத்திலும் கோட்டை கட்டுவான், கட்டாமல் இருக்க மாட்டான். திட்டாதீர்கள். நிறுத்திவிட்டு, '1690இல் இங்கே சுவர் எழுப்ப என்னடா கிடைக்கும்?' என்று கேளுங்கள். அப்புறம் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று ஆளுக்கொரு தூரம் சொல்லட்டும், கடலூர் வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டு எந்தெந்த ஊர் உள்ளே விழுகிறது என்று பார்க்கட்டும். கணக்கு டீச்சரையும் இழுத்துவிடலாம்.

கட்டி முடித்ததும் எப்படியும் எல்லாவற்றையும் இடிக்கத்தான் கேட்பார்கள். இடிக்க விடுங்கள், 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். (புதுச்சேரிக்காரன் இதைச் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் சங்கடம்தான்.)

ஹெச்.எம்.மிடம் வாதாட வேண்டாம். செலவு பூஜ்யம் என்று சொல்லி, வட்டம் போடுகிற அன்றைக்குக் கடைசி பெஞ்சில் உட்கார அழையுங்கள்.

கேள்வி: ஆறாவது படிக்கும் மகன் ராத்திரி பதினொன்று வரை ரோப்ளாக்ஸ் என்கிற ஆன்லைன் விளையாட்டு. கேட்டால் 'ஸ்கூல்ல மிஸ்ஸே கேம்ல கத்துக்கலாம்னு சொன்னாங்க' என்கிறான். நம்புவதா? (முத்தியால்பேட்டை வாசகி)

பதில்: பையன் கெட்டிக்காரன். மிஸ் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், பதினொன்று மணி அவர் சொன்னதில்லை. விளையாடி முடித்ததும் இன்று என்ன செய்தாய், ஏன் தோற்றாய் என்று உங்களுக்குச் சொல்லிக்காட்டச் சொல்லுங்கள், சொல்லத் தெரிந்தால் ஏதோ ஏறுகிறது. இன்னொன்று, அதில் முகம் தெரியாத ஆட்களும் விளையாடுகிறார்கள், சாட் அமைப்பை இன்றைக்கே நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மின்சுற்று நடத்த லேபில் பொருள் இல்லை. கம்ப்யூட்டரில் காட்டினால் போதுமா? (அறிவியல் ஆசிரியர், நெல்லிக்குப்பம்)

பதில்: அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET), அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் பரிசோதனைகள், இலவசமாகக் கிடைக்கிறது. எலெக்ட்ரான் ஓடுவதை நிஜ வயரில் காட்ட முடியாது, அதில் காட்டலாம். ஷார்ட் சர்க்யூட் செய்தால் திரையில் தீப்பிடிக்கும், பிள்ளைகள் அதையே பத்து முறை செய்வார்கள். போதுமா என்றால், போதாது. ஒரு டார்ச் பல்பு, ஒரு செல், இரண்டு முழம் வயர், நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை.

கேள்வி: புயல், சுனாமி பற்றி நடத்த ஏதாவது விளையாட்டு உண்டா? (கடலூர் முதுநகர் ஆசிரியர்)

பதில்: உண்டு. ஐ.நா.வின் பேரிடர் குறைப்பு அமைப்பு வெளியிட்ட 'ஸ்டாப் டிசாஸ்டர்ஸ்'. கையில் கொஞ்சம் பணம், கொஞ்சம் நேரம், அதற்குள் ஊரைத் தயார் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கிறது, நீங்கள் கூடவே சொல்லிக்கொண்டு போகலாம். முதல் ஆட்டத்தில் எல்லோரும் பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் கடலோரத்திலேயே கட்டிவிட்டு முழிப்பார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது உங்கள் பிள்ளைகளில் பலர் பிறக்கவே இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததெல்லாம் அந்த விளையாட்டில் வராது. ஆட்டத்துக்கு முந்தின நாள், தானே அடித்த ராத்திரி வீட்டில் எங்கே ஒண்டியிருந்தீர்கள் என்று பாட்டியிடம் கேட்டு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள்.