எக்ஸிமா தோலோடு நின்றுவிடுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் எக்ஸிமா (தோல் அழற்சியால் வரும் தீராத அரிப்பு நோய்) பற்றியவைதான் அதிகம், எழுதியவர்கள் எல்லோரும் பெரியவர்கள். சின்னக் குழந்தைகளின் நோய் என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதால், 30, 40 வயதிலும் அதோடு வாழ்கிறவர்கள் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

கேள்வி: எனக்கு வயது 38. கைக்குழந்தையாக இருந்தபோதே எக்ஸிமா வந்ததாம். வளர வளரப் போய்விடும் என்றார்கள், போகவில்லை. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் வருடம் முழுக்க அரிப்பு. எக்ஸிமா இருந்தால் மாரடைப்பு, புற்றுநோய், எலும்பு முறிவு எல்லாம் வரும் என்று அண்மையில் படித்ததிலிருந்து நிம்மதி போய்விட்டது. உண்மையா டாக்டர்?

பதில்: பாதி உண்மை. எந்தப் பாதி என்பதுதான் முக்கியம்.

இதயத்தைப் பற்றி நீங்கள் படித்ததற்குப் பின்னால் 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு இருக்கலாம். பிரிட்டனில் எக்ஸிமா உள்ள சுமார் 3 லட்சத்து 87 ஆயிரம் பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளை, எக்ஸிமா இல்லாத 15 லட்சம் பேரின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எக்ஸிமா உள்ளவர்களை மொத்தமாக எடுத்தால் இதய, ரத்தக்குழாய் நோய்களுக்கான வாய்ப்பு 10 முதல் 20 சதவீதம்தான் கூடுதல். கடுமையான எக்ஸிமா உள்ளவர்களைத் தனியாகப் பிரித்தபோதுதான் கணக்கு ஏறியது: பக்கவாதம் 20 சதவீதம், மாரடைப்பு 40 முதல் 50, இதயச் செயலிழப்பு 70 சதவீதம் கூடுதல். இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். 50 சதவீதம் கூடுதல் என்றால் 100 பேரில் 50 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. ஒரு பேச்சுக்குச் சொன்னால், 100 பேரில் இரண்டு பேருக்கு வரக்கூடியது மூன்று பேருக்கு வருகிறது. அந்த ஆய்வில் நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கும் வரி வேறு. ஆய்வில் கவனித்த காலத்தில் பாதிக்கு மேல் நோய் அடங்காமலே இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது.

உங்கள் கடிதத்தில் 'வருடம் முழுக்க' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை தருவது அதுதான். தோலில் அழற்சி ஓயாமல் இருந்தால் அதன் ரசாயனங்கள் ரத்தத்திலும் சுற்றுகின்றன, ராத்திரித் தூக்கம் கெடுகிறது, வியர்த்தால் அரிக்குமே என்று நடப்பதையும் ஓடுவதையும் விட்டுவிடுகிறோம், தாங்க முடியாமல் போகும்போது ஸ்டீராய்டு மாத்திரையைத் தேடுகிறோம். இதில் எது எவ்வளவு காரணம் என்று பிரிப்பது கடினம், ஆனால் நான்கையும் குறைக்க ஒரே வழிதான், எக்ஸிமாவை அடக்கி வைப்பது. கூடவே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். புகைப் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

எலும்பைப் பற்றிப் படித்ததும் சரிதான். இடுப்பு, முதுகெலும்பு, மணிக்கட்டு முறிவுகள் எக்ஸிமா உள்ளவர்களிடம், அதிலும் கடுமையாக உள்ளவர்களிடம், சற்று அதிகம். புற்றுநோய் பயத்தைப் பெருமளவு இறக்கி வைக்கலாம். மொத்தமாகப் பார்த்தால் புற்றுநோய் கூடவில்லை. லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் மட்டும் கடுமையான எக்ஸிமாவில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது, அதுவே அரிதான நோய்.

அப்புறம், பல வருடம் கழித்து வரக்கூடியதை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இன்றைக்கே வரக்கூடியதைக் கவனிப்பதில்லை. எக்ஸிமா உள்ள இடத்தில் திடீரென்று ஒரே மாதிரியான சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்து, அவை உடைந்து துளைபோட்டது போன்ற புண்ணாகி, அரிப்பைவிட வலி அதிகமாக இருந்து, காய்ச்சலும் சேர்ந்தால், அது ஹெர்ப்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். கண்ணைச் சுற்றி வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஸ்டீராய்டு க்ரீம் போட்டால் தோல் மெலிந்துவிடும் என்று என் அக்கா பயமுறுத்தியதால், இரண்டு நாள் பூசிவிட்டு நிறுத்திவிடுவேன். முற்றிப்போனால் ஒரு ஸ்டீராய்டு ஊசி, ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை. வருடத்தில் நான்கு தடவை இப்படி ஆகிறது. இது பரவாயில்லையா?

பதில்: இல்லை அம்மா, பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். பயப்பட வேண்டிய ஸ்டீராய்டை விட்டுவிட்டு, சரியாகப் பயன்படுத்தினால் உதவக்கூடிய ஸ்டீராய்டைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். க்ரீம் பெரும்பாலும் பூசிய இடத்தில்தான் வேலை செய்யும். ஊசியும் மாத்திரையும் உடம்பு முழுக்கப் போகும். திரும்பத் திரும்ப எடுத்தால் எலும்பு வலுவிழக்கும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், கண்ணில் புரை விழும். போதாக்குறைக்கு, நிறுத்தியதும் எக்ஸிமா முன்னைவிட மோசமாகத் திரும்பி வருவதும் உண்டு. உங்களுக்கு வருடத்தில் நான்கு தடவை நடப்பது அதுவாகவே இருக்கலாம்.

அக்கா சொன்னதிலும் உண்மை இருக்கிறது. வீரியமான க்ரீமை முகத்திலும் அக்குள், தொடையிடுக்கிலும் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். அதற்காகத்தான் இடத்துக்கு ஏற்ற வீரியம் என்று வைத்திருக்கிறோம், முகத்துக்கும் இமைக்கும் ஸ்டீராய்டே இல்லாத டாக்ரோலிமஸ் போன்ற ஆயின்மென்டும் உண்டு. அளவுக்கு ஒரு எளிய வழி: ட்யூபிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்குப் போதும். பூச ஆரம்பித்தால் அரிப்பு நின்றதும் விட்டுவிடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு அடங்கிப் பக்கத்துத் தோல் போல வழவழப்பாகும் வரை பூச வேண்டும். வழக்கமாகத் திரும்பி வரும் இடங்களில் அதன் பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் பூசச் சொல்வதுண்டு, உங்களுக்கு அது தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாய்ஸ்சுரைசர் தினமும் உண்டு, நன்றாக இருக்கும் நாளிலும்.

இவ்வளவு செய்தும் அடங்காவிட்டால் டூபிலுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன (அமெரிக்காவில் 2017-ல் அனுமதி கிடைத்தது, இது ஸ்டீராய்டு அல்ல). ஒளிச் சிகிச்சை இருக்கிறது. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞையைத் தடுக்கும் ஜேக் (JAK) வகை மாத்திரைகளும் வந்துவிட்டன, ஆனால் வயதானவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும், இதய நோயோ ரத்தக் கட்டியோ வந்தவர்களுக்கும் அவற்றை மிக யோசித்துத்தான் எழுதுவோம்.

கேள்வி: எக்ஸிமா உள்ளவர்கள் கண்ணைத் தேய்க்கக் கூடாதா?

பதில்: கூடாது. தொடர்ந்து தேய்த்தால் கருவிழி கூம்பு போல வளையலாம். கண்புரையும் இவர்களுக்குச் சின்ன வயதிலேயே வருவதுண்டு. பார்வை மங்கினால் கண் டாக்டரிடம் எக்ஸிமா இருப்பதைச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. தூக்கத்தில் சொறிந்து சொறிந்து தலையணை உறையில் தினமும் ரத்தப் புள்ளிகள். முன்பு கலகலப்பாக இருந்தவர், இப்போது யாரோடும் பேசுவதில்லை. அரிப்புக்கு இவ்வளவு இடிந்துபோவார்களா?

பதில்: போவார்கள். அவர் நகங்களைப் பாருங்கள், மெருகு போட்டதுபோலப் பளபளவென்று இருக்கும். வருடக்கணக்காகச் சொறிபவர்களுக்கு அப்படி ஆகும். என்னிடம் வருபவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அந்த நகம் அவருடைய ராத்திரிகளைச் சொல்லிவிடும். மாதக்கணக்கில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்காத மனிதர் எப்படிக் கலகலப்பாக இருப்பார்? கடுமையான எக்ஸிமாவில் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருவதும் அதிகம். அதனால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள், "வாழப் பிடிக்கலையா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இல்லை என்றாலும் அடுத்த முறை டாக்டரிடம் நீங்களும் கூடப் போய், தலையணை உறையைப் பற்றி நீங்களே சொல்லுங்கள். அவர் "பரவாயில்லை டாக்டர்" என்று முடித்துவிடுவார்.

கேள்வி: வயது 61. இதுவரை தோல் நோயே வந்ததில்லை. ஒரு வருடமாக எக்ஸிமா என்று க்ரீம் பூசுகிறேன், போவதும் வருவதுமாக இருக்கிறது.

பதில்: இந்த வயதில் முதல்முறையாக வருவதை எக்ஸிமா என்று உடனே முடிவுகட்ட மாட்டேன். சில ரத்த அழுத்த மாத்திரைகளால் வரலாம், தொடும் பொருளின் ஒவ்வாமையாக இருக்கலாம் (அதற்கு, சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் உண்டு), சொறி சிரங்காகவும் இருக்கலாம். அரிதாக, தோலில் வரும் லிம்ஃபோமா எக்ஸிமா போலவே வேடம் போடும். ஒரு வருடமாகச் சரியாகாததால் தோல் டாக்டரிடம் பயாப்ஸி (தோலில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது) பற்றிக் கேளுங்கள். எந்த க்ரீமை எங்கே, கடைசியாக எப்போது பூசினீர்கள் என்பதை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டு பூசிய இடத்திலிருந்து எடுத்த துண்டில் நோயின் அடையாளம் மறைந்துபோயிருக்கலாம்.